அன்னாசி மேட்டில் இரண்டு பள்ளிகள்

மஸ்ஜிட் ஜாமேக் நிலையத்தில் இறங்கி நடந்தால் சற்று நேரத்தில் புக்கிட் நானாஸ் மேட்டில் ஏறிவிடலாம். வெயில் ஏறுமுன் போவது நல்லது. நானாஸ் என்றால் அன்னாசி. நம் அன்னாசியும் மலாய்க்காரரின் நானாஸும் போர்த்துகீசியர் விட்டுச் சென்ற ஒரே சொல்தான். இன்று அங்கே அன்னாசி இல்லை. ஒரு பேராலயம், இரண்டு பள்ளிகள், பின்னால் கொஞ்சம் காடு, அதற்கு மேல் கோலாலம்பூர் கோபுரம்.

1883இல் சார்லஸ் லெத்தெசியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இங்கே கோயில் தொடங்கினார். ஈயம் வளர்த்த ஊர் அப்போது சேறும் அத்தாப்புக் கூரையுமாக இருந்தது. கோயில் எழுந்தால் அதன் நிழலில் பள்ளி எழும் என்பது பினாங்கில் 1852லேயே கண்ட வழக்கம். 1899இல் கன்னியர்களின் கான்வென்ட் தொடங்கியது. 1904 ஜனவரியில் லசால் சபைச் சகோதரர்கள் 18 மாணவர்களோடு செயின்ட் ஜான்ஸ் பள்ளியைத் திறந்தார்கள். பிறகு கிள்ளானிலும் கான்வென்ட், பிரிக்பீல்ட்ஸில் லசால் என்று கிளை பரவியது.

நம்மவர்க்கு இதில் என்ன? பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த யாழ்ப்பாணத்து கிராணிமாருக்கு ஆங்கிலப் பள்ளி என்பது மகனுக்கு அரசாங்க வேலை. தோட்டத்துப் பிள்ளைக்கோ ரப்பர் காட்டுக்குள் இருந்த தமிழ்ப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. ஒரே இனத்துக்குள் கிடந்த அந்த இடைவெளியை இந்தப் பள்ளிகளின் பெருமை பேசுவோர் அதிகம் சொல்வதில்லை.

1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய் வழிக்கு மாறின. ஆசிரியர் சம்பளம் அரசுடையது, நிலமும் கட்டடமும் சபையுடையது என்ற ஏற்பாடு மட்டும் நீடித்தது. அந்த நிலத்தில்தான் சிக்கல் வந்தது. கான்வென்ட்டின் நிலக் குத்தகை 2021 செப்டம்பரில் முடிய இருந்தது. புதுப்பிக்க முடியாது, முழு அரசுப் பள்ளியாக்கலாம் என்றது அதிகாரத் தரப்பு. பள்ளித் தரப்பு நீதிமன்றம் போனது. முன்னாள் மாணவிகள், மலாய், சீன, இந்தியப் பெண்கள் எல்லாரும், குரல் கொடுத்தார்கள். அந்த ஜூனிலேயே இன்னும் 60 ஆண்டுக்குக் குத்தகை நீட்டிக்கப்பட்டது.

கணக்குப் போட்டால் 2081. அந்த ஆண்டு முதலாம் படிவத்தில் இருந்த பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. மனு எழுத அவளும் வர வேண்டியிருக்கும்.