கண்மாய்க்குள் பூக்கும் தேள்கொடுக்கு

பங்குனி பிறந்தால் இராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்களில் தண்ணீர் உள்வாங்கத் தொடங்கிவிடும். ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய்க் கரையில் நின்று பார்த்தால், தண்ணீர் விலகிய சேற்றில் பச்சை படர்ந்து கிடக்கிறது. இறங்கி நடந்தால் காலைச் சொரசொரவென்று உரசுவது தேள்கொடுக்கு. மண்ணில் ஈரம் இருக்கும்போதே முளைத்து, பூத்து, விதை போட்டு, அந்த வருடத்தோடு முடிந்துபோகும் செடி. பூத்தண்டு நுனி தேளின் வால்போலச் சுருண்டிருக்கும். அடியிலிருந்து பூக்கள் இரண்டு வரிசையாக விரிய விரிய, சுருளும் அவிழ்ந்துகொண்டே போகும். வெளிர் ஊதா நிறத்தில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பூ. குனிந்து பார்த்தால்தான் அதன் அழகு தெரியும்.

கண்மாய்க்குள் கிடை போட்டிருந்த கீதாரி ஒருவரிடம் கேட்டேன். "மோந்து பாத்துட்டு நகந்துரும்ணே. புல்லு இருக்கிற வரைக்கும் ஆடு வாய வைக்காது" என்றார்.

அந்த "இருக்கிற வரைக்கும்" என்பதுதான் கவனிக்க வேண்டியது. இச்செடியில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நஞ்சு இருக்கிறது. தின்றவுடன் தெரியாது, தொடர்ந்து உள்ளே போனால் ஈரலைக் கெடுக்கும். காய்ந்தாலும் நஞ்சு போகாது. 1970-களில் ஆப்கானிஸ்தானின் ஹெராத் பகுதியில், வறட்சிக்குப் பின் இதே இனத்து வேறொரு செடியின் விதை கோதுமையில் கலந்து, ஏராளமானோர் வயிறு வீங்கி ஈரல் நோயில் விழுந்தார்கள்.

தேள்கடிக்கு இதன் இலையை அரைத்துப் பூசுவது பழைய வழக்கம். கொடுக்கு மாதிரி இருப்பதாலேயே வந்த நம்பிக்கை என்றுதான் எனக்குப் படுகிறது. கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கஷாயம் வைத்துக் குடிப்பது மட்டும் கூடவே கூடாது. இதிலிருந்து பிரித்த ஒரு பொருளை இரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் சோதித்தபோதுகூட, நோயாளிகளின் ஈரல்தான் பாதிக்கப்பட்டது.

ஆனால் வண்ணத்துப்பூச்சிக்கு இந்த நஞ்சு வேண்டும். வாடிய செடியில் வெந்தய வரியனும் நீல வரியனும் மொய்க்கும், பெரும்பாலும் ஆண்கள். உறிஞ்சிய சத்தைப் பெண்ணை ஈர்க்கும் வாசனையாக மாற்றிக்கொள்கின்றன. பறவைகளிடமிருந்தும் அது காக்கிறது.

கண்மாய்ப் புல்லை அறுத்து வீட்டு மாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள், பச்சையாக இருக்கும்போதே கட்டைப் பிரித்து இதைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். காய்ந்து நொறுங்கிய பிறகு அடையாளம் தெரியாது. பசித்த மாடும் பிரித்துப் பார்த்துத் தின்னாது.