மிச்சப் பிரதிகள்

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் வீடியோ விளையாட்டு வாணிபத்தைப் பற்றி எழுதப் புகுதல் விந்தையே என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். சென்ற ஆண்டு வரை யாமும் அவ்வாறே நகைத்திருப்போம். யாப்பும் அணியும் பயில்வோர்க்கு அமெரிக்க விளையாட்டுக் கம்பெனிகளின் கணக்கு எற்றுக்கு? ஆயினும், எம் விடுதி அறையிற் கட்டிலின்கீழ்க் கயிற்றாற் கட்டிய புத்தகக் கட்டுகள் பன்னிரண்டு கிடக்கின்றன. அவற்றிற்கும் அக்கம்பெனிகளின் வரலாற்றிற்கும் உள்ள உறவினை அறிந்த பின்னர் எமது நகைப்பு அடங்கிற்று.

முதலிற் புத்தகக் கதையைக் கூறுவோம். சென்ற ஆண்டு யாம் தமிழ்ச் சங்கத்தின் செயலாளராயிருந்தோம். ஓரங்க நாடகங்கள் ஐந்தினை ஒரு நூலாக்கத் துணிந்தோம். ஆண்டு விழாவிற்கு இருபது நாட்களே எஞ்சியிருந்தன. "முந்நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் கோப்புக் கூலி ஒன்றுதான் தம்பி, ஆயிரமென்றால் பிரதிக்கு அடக்கம் குறையும்" என்றார் அச்சகத்தார். யாம் அடக்கவிலை குறைதலைக் கண்டோமேயன்றி, வாங்குவோர் எத்துணையர் என்று எண்ணினோமில்லை. 1000 பிரதிகள் அச்சாயின. ஐந்து நாடகங்களுள் மூன்று எம் வகுப்புத் தோழர் ஒருவர் எழுதியவை. ஆயினும் அட்டையில் "தமிழ்ச் சங்க வெளியீடு" என்று மட்டுமே பொறித்தோம். அவர் பெயர் உள்ளும் இல்லை, புறமும் இல்லை. சங்கத்தின் நூலில் தனியொருவர் பெயர் எதற்கென்பது எமது வாதம். விழா முடிந்தபோது விற்றவை 212. அச்சகத்திற்குக் கடன் நின்றது. தோழரும் சங்கத்திற்கு வருதலை நிறுத்தினார்.

நிற்க. இவ்வாண்டுத் தொடக்கத்திற் பொருளியல் வகுப்பு நண்பர் ஒருவர் அட்டாரி என்னும் கம்பெனியின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசக் கேட்டோம். பிறகு யாமே தேடிப் படித்தோம்.

அட்டாரி 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கலிபோர்னியா மாநிலத்தில் தோன்றியது. 1976-இல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் என்னும் பெருங் கம்பெனி அதனை விலைக்கு வாங்கியது. 1977-இல் அட்டாரி வெளியிட்ட வீட்டு விளையாட்டுப் பெட்டியில், கேசட்டை மாற்றி மாற்றிச் செருகி வெவ்வேறு விளையாட்டுகளை ஆடலாம். பெட்டியினும் கேசட்டிலேயே ஆதாயம் மிகுதி. அக்கேசட்டுகளின் விளையாட்டுகளை இயற்றியோர்க்கோ மாதச் சம்பளமன்றி விற்பனையிற் பங்கில்லை, பெட்டியின்மேற் பெயருமில்லை. மனம் வெதும்பிய நால்வர் விலகி, 1979-இல் ஆக்டிவிஷன் என்னும் கம்பெனியை நிறுவினர். அக்கம்பெனி விளையாட்டை இயற்றியவர் பெயரை வெளிப்படையாக அச்சிட்டது. அட்டாரி வழக்குத் தொடுத்தது. 1982-இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. பெட்டி ஒருவருடையதாயினும் அதற்குரிய விளையாட்டைப் பிறரும் வெளியிடலாம் என்னும் வழி இவ்வாறு திறந்தது.

திறந்த வழியில் எல்லாரும் புகுந்தனர். ஓட்ஸ் கஞ்சிப் பொருள் விற்ற க்வேக்கர் கம்பெனிகூட விளையாட்டு வெளியீட்டில் இறங்கியது. கடைகளில் நல்லனவும் தீயனவும் ஒருங்கே குவிந்தன. அட்டாரியும் அளவறியாது செய்தது. 1982-இல் வெளிவந்த பாக்-மேன் கேசட் எழுபது லட்சத்திற்கு மேல் விற்றும் மிச்சம் பெரிதாய் நின்றது. அவ்வாண்டு ஜூலை மாத இறுதியில் ஈ.டி. என்னும் திரைப்படத்தின் உரிமையைப் பெருந்தொகைக்குப் பெற்றனர். கிறிஸ்துமஸ் விற்பனைக்கு அது கடைக்கு வந்தேயாக வேண்டும். ஆகவே ஹோவர்டு ஸ்காட் வார்ஷா என்பவர்க்கு அவ்விளையாட்டை ஆக்க ஐந்து வாரமே கிடைத்தது. பிற விளையாட்டுகளுக்கு மாதக்கணக்கில் நாள் கொடுக்கப்பட்டது என்பதை இங்கு நினைத்தல் வேண்டும். வாங்கிய சிறுவர் சலிப்புற்றனர். பிரதிகள் பெருமளவில் விற்காது தங்கின.

கடைக்காரர் விற்காதவற்றைத் திருப்பியனுப்பினர். சிறு கம்பெனிகள் பணந்தர இயலாது மடிந்தன. அவற்றின் கேசட்டுகள் ஐந்து டாலருக்கும் குறைவாகக் கூடைகளிற் கிடந்தன. நல்ல விளையாட்டை முழு விலைக்கு வாங்குவார் இலராயினர். அட்டாரியின் 1983-ஆம் ஆண்டு நட்டம் 50 கோடி டாலருக்கு மேற்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமோகோர்டோ என்னும் ஊரின் குப்பைமேட்டில் மிச்சக் கேசட்டுகளைக் கொட்டிப் புதைத்தனர். 2014 ஏப்ரலில் அவ்விடத்தைத் தோண்டியபோது ஈ.டி. மட்டுமன்றி வேறு பல விளையாட்டுகளும் வெளிப்பட்டன. எனவே பழி முழுவதையும் ஒரு விளையாட்டின்மேற் சுமத்துதல் நேர்மையன்று.

1985-இல் ஜப்பானிய நிண்டெண்டோ கம்பெனி அமெரிக்காவிற் புகுந்தபோது இத்தவறுகளையே பாடமாகக் கொண்டது. தன் இசைவில்லாத கேசட் இயங்காவண்ணம் பெட்டியுள் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. ஒரு வெளியீட்டாளர் ஆண்டிற்கு ஐந்து விளையாட்டிற்கு மேல் வெளியிடலாகாது. கேசட்டுகளை நிண்டெண்டோவே செய்து கொடுக்கும். விற்காவிடின் நட்டம் வெளியீட்டாளரைச் சாரும். இவ்விதிகள் கடுமையானவை, கோனாமி என்னும் கம்பெனி அல்ட்ரா என வேறொரு பெயர் பூண்டன்றோ ஐந்தென்னும் எல்லையைக் கடந்தது! எனினும், சந்தை மீண்டது.

இக்காலத்தில் விளையாட்டுகள் பெரும்பாலும் இணையவழி இறக்கிக்கொள்ளப்படுவதால் மிச்சப் பிரதித் தொல்லை குறைந்தது. ஆனால் பண்டிகைக்கு முன் கொணர்தல் வேண்டுமென்னும் அவசரம் ஒழிந்தபாடில்லை. சைபர்பங்க் 2077 என்னும் விளையாட்டு பலமுறை நாள் தள்ளியும் குறைகளுடனேயே 2020 டிசம்பரில் வெளிவந்தது. சில நாட்களில் சோனி கம்பெனி அதனைத் தன் இணையக் கடையினின்று அகற்றி, வாங்கினோர்க்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. நாளைத் தள்ளினால் முதலிட்டோர் முனிவர். தள்ளாவிடில் வாங்குவோர் முனிவர். வெளியீட்டாளர் நிலை இரங்கத்தக்கதே.

இவற்றையெல்லாம் படித்து முடித்த இரவில் எம் கட்டிலின்கீழ்க் குனிந்து நோக்கினோம். அளவறியாமை, அவசரம், ஆக்கியோன் பெயரை மறைத்தல் ஆகிய மூன்று பிழைகளையும் கோடிப் பொருளின்றியே யாம் இழைத்திருந்தோம்! முதலிரண்டிற்குக் கடன் அடைத்தால் தீர்வுண்டு. மூன்றாவதற்குப் பணத்தால் தீர்வில்லை. எம் தோழர் கேட்டது பங்கன்று, பெயரொன்றே. சங்கத்தின் பெருமை என்னும் போர்வையில் மறைந்தது எமது செருக்கே என்பதை உணர்ந்து நாணினோம்.

கோடை விடுமுறையிற் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லி ஈட்டிய பொருளால் அச்சகக் கடனின் பாதியைத் தீர்த்தோம். பின்னர், ஆக்கியோன் பெயர் பொறித்த முகப்புத்தாள் 150 மட்டும் அச்சிட்டு, பழைய பிரதிகளில் அத்தனைக்கு எம் கையாலேயே ஒட்டினோம். முதற் பிரதியைத் தோழர் அறைக்கு எடுத்துச் சென்று, "பொறுத்தருள்க" என்றோம். அவர் நெடுநேரம் முகப்புத்தாளையே நோக்கியிருந்தார். பின்னர், "இரண்டாம் பக்கத்தில் ஓர் அச்சுப்பிழை உளது; அதையும் திருத்தியிருக்கலாம்" என்றார். மறுவாரம் சங்கக் கூட்டத்தில் அவர் பின்வரிசையில் அமர்ந்திருக்கக் கண்டோம்.

கட்டுகள் இன்னும் கட்டிலின்கீழ் உள. அன்பர்கள் பிரதி வேண்டின் எம் அறைக்கு வருக, விலை பாதியே.