பேர் அழிந்த தட்டுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் கால் தானாகப் பூனாவின் மங்கள்வார் பேட்டைப் பக்கம் திரும்பிவிடும், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புதனும் ஞாயிறும் அங்கே ஜுனா பஜார். ஊரில் யார் யார் வீட்டுப் பரணிலிருந்தோ இறங்கியதையெல்லாம் தார்ப்பாயில் கொட்டி வைத்திருப்பார்கள். துருப்பிடித்த ஸ்பேனர், பட்டாளத்து பூட்ஸ், மூக்கு உடைந்த கெட்டில், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து. இரும்பு வாடையும் கிரீஸ் வாடையும் கலந்து வரும். நடுவே எங்கிருந்தோ அம்ருத்துல்ய டீக்கடையில் இஞ்சி நசுக்கும் சத்தம். பித்தளைப் பாத்திரத்தில் கொதித்த அந்த ஏலக்காய் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே நடப்போம்.

இப்போது போனால் பித்தளைக் குழல் வைத்த கிராமபோன்கள்தான் கண்ணைப் பறிக்கின்றன. குழலில் முகம் பார்க்கலாம், அத்தனை மினுக்கு. பெட்டியின் நெற்றியில் நாய் மார்க் வில்லை. இந்த மாதிரி பெட்டிகளில் பெரும்பாலானவை முராதாபாத் பக்கம் புதிதாகத் தட்டிய குழலை, ஏதோ பழைய கைப்பெட்டியிலிருந்து பிடுங்கிய மோட்டார் மேல் ஏற்றியவை. பாடவிட்டுக் காட்டச் சொன்னால் தட்டு பாதியில் முக்கும், முனகும். ஹாலில் வைத்து அழகு பார்க்கலாமே என்று நீங்கள் பர்ஸை எடுத்தால் நான் கையைப் பிடித்துத் தடுப்பேன். அந்தப் பளபளப்புக்காக எங்கேயோ ஒரு நல்ல பெட்டியைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இருந்தது வெளியே குழல் இல்லாத பெட்டி. ஹெச்.எம்.வி. 102. 1931-ல் வந்த மாடல். கறுப்பு ரெக்ஸின் ஒட்டி, கைப்பிடி வைத்து, மூடினால் ஊருக்குக் கிளம்புகிறவர் சூட்கேஸ் மாதிரியே இருக்கும். திறந்தால் மூடிக்குள் தட்டுகளைச் செருக இடம், மூலையில் ஊசி போட ஒரு குட்டி அறை. குழல் பெட்டியின் வயிற்றுக்குள்ளேயே மடிந்து கிடக்கும். பெரியப்பா கிர்க்கி அம்யூனிஷன் பாக்டரியில் வேலை பார்த்தார். அந்தப் பாக்டரி 1869-ல் வந்தது. அங்கேயும் பக்கத்துக் கன்டோன்மென்டிலும் வேலை தேடி வட ஆற்காட்டிலிருந்து ரயிலேறி வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஊருக்குத் திரும்பிப்போன பட்டாளத்துக்காரர் ஒருவர் போகிற போக்கில் விற்றுவிட்டுப் போன பெட்டி அது.

சனிக்கிழமை சாயங்காலம். பாக்டரிச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் சைக்கிள் மணி. பெரியப்பா கைகால் கழுவி, வேட்டி மாற்றி, பெட்டியைத் தூக்கிவந்து திண்ணையில் வைப்பார். மூடி திறந்ததும் ஒரு வாசனை வரும். பழைய ரெக்ஸின், மெஷின் ஆயில், அரக்கு எல்லாம் சேர்ந்த வாசனை. தட்டே அரக்கில் செய்ததுதான். சோட்டா நாக்பூர்க் காடுகளில் பூச்சி கக்கிய அரக்கு, கல்தூளோடு கலந்து அச்சில் அழுந்தித் தட்டாகிறது. 1908 முதல் கல்கத்தாவிலேயே அடித்தார்கள். பத்து அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான் பாட்டு. முழு ராகத்தையும் அதற்குள் சுருக்கிப் பாடினார்கள் அந்தக் காலத்துப் பாடகர்கள்.

சாவி கொடுப்பது என் வேலை. “டேய் தம்பி, நிதானமா சுத்து. கைக்கு இறுகுதுன்னு தெரிஞ்சா நிறுத்திடணும், ஆமா.” ஊசி மாற்றுவது அவர் வேலை. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி. ஓடிய ஊசி தனி டப்பாவுக்குப் போகும், ஒருநாளும் கலக்காது. சத்தம் கூட்டக் குறைக்கத் திருகு கிடையாது. தடி ஊசி போட்டால் தெருவுக்கே கேட்கும், மெல்லிசு போட்டால் வீட்டோடு நிற்கும். தூங்குகிற குழந்தை இருந்தால் மெல்லிசு. ஸ்பிரிங் தளர்ந்து பாட்டு கீழே இறங்கினால் நான் பாய்ந்து போய்ச் சுற்றுவேன். குரல் மறுபடி ஏறி நிற்கும்.

கே.பி. சுந்தராம்பாள் தட்டு போட்டால் ஆயா அம்மிக்கல்லை அப்படியே நிறுத்திவிடுவாள். சுந்தராம்பாளின் கணவர் கிட்டப்பா போன கதையை ஆயா சொல்லத் தொடங்கினால் பாட்டு முடிந்தும் கதை முடியாது. நாராயண் பேட்டையிலிருந்து பெரியப்பாவின் மராட்டிய சிநேகிதர் பால கந்தர்வா தட்டுகளோடு வருவார். அவரை நாங்கள் காகா என்போம். காகா ஒருநாள் அப்துல் கரீம் கான் தட்டு ஒன்று கொண்டுவந்தார். 1913-ல் பூனாவில் சங்கீதப் பள்ளி தொடங்கிய கான் சாகிப். தென்னாட்டுக்கு வந்து நம்மவர்கள் ஸ்வரம் பாடுவதை ஆசையாகக் கேட்டு எடுத்துக்கொண்டவர். 1937-ல் பாண்டிச்சேரிக்கு ரயிலில் போகும்போது உடம்புக்கு முடியாமல் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, அந்தப் பிளாட்பாரத்திலேயே உயிர்விட்டார். “உங்க ஊர்லதான் போனாரு” என்று காகா சொல்வார். பெரியப்பா சும்மா தலையாட்டுவார். கான் சாகிப்பின் தட்டைக் கடையில் கேட்டு, அதே மாதிரி பாட வேண்டும் என்று சிறுவயதில் வீட்டை விட்டு ஓடியவர்தான் பீம்சேன் ஜோஷி. 1953-லிருந்து இதே பூனாவில் சவாய் கந்தர்வா விழா நடக்கிறதே, அதை ஆரம்பித்தவர். மூன்று நிமிஷத் தட்டு என்னவெல்லாம் செய்திருக்கிறது பாருங்கள்.

காகா வீட்டுப் பேரனுக்குப் பேர் வைக்கிற விசேஷம். பெட்டியும் தட்டுகளும் நாராயண் பேட்டைக்குப் போயின. விசேஷம் முடிந்து ஓரிரு நாளில் திரும்ப வேண்டியது. அதற்குள் 1961 ஜூலை 12 வந்தது. கட்டி முடியாத பான்ஷேத் அணை காலையில் உடைந்தது, அந்த வேகத்தில் கடக்வாஸ்லாவும் போயிற்று. லக்டி பூல் பாலம் தண்ணீருக்குள் முழுகியது. முட்டா ஆறு பேட்டைகளுக்குள் புகுந்து பழைய வாடா வீடுகளைக் கரைத்துக்கொண்டு போனது. காகா குடும்பம் உடுத்திய துணியோடு மேட்டுக்கு ஓடித் தப்பித்தது. வெள்ளம் வடிந்த பிறகு சேற்றோடு பெட்டியையும் தட்டுகளையும் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்து திண்ணையில் வைத்து, அழுதார். பெரியப்பா அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். “வீடே போச்சு. நீ பெட்டியைத் தூக்கிட்டு வந்து நிக்கிறியே.” அதற்குமேல் அந்தப் பேச்சே இல்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று. வீட்டுக்கு ரேடியோ வந்தது, பிறகு டேப். கடைகளில் 78 தட்டே நின்றுபோனது.

இப்போது கிர்க்கியில் திண்ணை வைத்த வீடு நான் பார்த்துக் கிடையாது. தலைக்கு மேல் மெட்ரோ ஓடுகிறது. வண்டி இரைச்சலில் சங்கு காதில் விழுவதில்லை.

கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டியைப் பழுதுபார்க்க நான் எடுத்துக்கொண்டு போனது புத்வார் பேட்டைச் சந்து ஒன்றில் இருந்த ஒரு பெரியவரிடம். மோட்டாரைத் தூக்கியதும் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் மண் உதிர்ந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, “பான்ஷேத்?” என்றார். நான் தலையாட்டினேன். அவர் ஒன்றும் கேட்காமல் வேலையைப் பார்த்தார். ஸ்பிரிங் உள்முனையில் அறுந்திருந்தது. டிரம்மைத் திறக்கும்போது அது சீறிக்கொண்டு வெளியே பாயும், விரலைப் பெயர்த்துவிடும். சாக்குத் துணியால் அமுக்கிப் பிடித்து எடுத்தார். மண்ணெண்ணெயில் கழுவி, புது ஸ்பிரிங் போட்டு, கிராஃபைட் கிரீஸ் தடவினார். வேகத்தைப் பிடித்து வைக்கும் கவர்னரில் மூன்று குட்டிக் குண்டுகள், ஒவ்வொன்றும் மெல்லிய பட்டை ஸ்பிரிங்கில் தொங்கும். ஒன்று அறுந்திருந்தது. சவுண்ட் பாக்ஸுக்குள் ரப்பர் வளையம் கல்லாகியிருந்தது. அது இறுகினால் குரல் கிறீச்சிடும். மாற்றினார். ரெக்ஸினையும் புதிதாக்கட்டுமா என்று நான் கேட்டதற்கு, “எதுக்கு? அது பாடாதே” என்றார்.

ஜுனா பஜாரில் பாடுகிற 102 ஒன்றை வாங்கும் காசைவிட அதிகம் ஆயிற்று. “அப்பா, இதை வித்தா போட்ட காசு வருமா?” என்று மகன் கேட்டான். வராது. பழுதுபார்த்து விற்றால் லாபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்பிரிங்கும் கவர்னரும் சவுண்ட் பாக்ஸும் சேர்ந்தாலே பெட்டியின் விலையைத் தின்றுவிடும்.

ஆனால் எங்கள் தட்டுகளைக் கேளுங்கள். அரக்கு தண்ணீருக்கு அசையவில்லை, வரியெல்லாம் அப்படியே நிற்கிறது. நடுவில் ஒட்டிய காகிதம்தான் கரைந்துபோனது. பாட்டு இருக்கிறது, பேர் இல்லை. 1902-ல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பெர்க் வந்து பதிந்த காலத்தில் கௌஹர் ஜான் போன்றவர்கள் பாட்டு முடிவில் தங்கள் பேரைத் தாங்களே சொல்வார்கள். பதிவு ஜெர்மனிக்குப் போய்த் தட்டாகும்போது ஆள் மாறிவிடக் கூடாதே. பின்னால் அப்படிச் சொல்வதை விட்டார்கள். எங்கள் தட்டுகளில் ஒருவரும் பேர் சொல்லவில்லை.

ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். பால கந்தர்வாவைக் கண்டுபிடித்தாயிற்று. ஒன்றில் கரஹரப்ரியா. தியாகராஜர் கீர்த்தனை, ஆனால் குரல் நம்மூர்க் குரல் இல்லை. கான் சாகிப்பேதான். காகா கொண்டுவந்த தட்டு. இன்னொன்றில் ஒரு பெண் விருத்தம் பாடுகிறாள். எடுத்த எடுப்பிலேயே மேல் ஸ்தாயி. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம், யாருக்கும் யார் என்று தெரியவில்லை. ஆயா இருந்திருந்தால் முதல் மூச்சிலேயே சொல்லியிருப்பாள்.

லேபிள் ஓரத்தில் அரக்கிலேயே பதிந்த எண் இருக்கும், சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அதைக் கொண்டு பேரைத் தேடலாம். 1990-லிருந்து மும்பையில் இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன், அவர்களிடம் கேட்க வேண்டும்.

உங்கள் பரணிலும் ஒரு பெட்டி கிடந்தால், கூடவே தட்டும் இருந்தால், தயங்காமல் செலவழியுங்கள். தட்டு இல்லாமல் பெட்டி மட்டும் என்றால் துடைத்து வையுங்கள், போதும். குழல் மாட்டவோ பாலிஷ் போடவோ வேண்டாம். இரும்பு ஊசி கனமாக அழுத்தும், ஓட ஓட வரி தேயும். அதனால் கிடைக்காத தட்டு என்றால் முதலில் இலேசான கை வைத்த எலெக்ட்ரிக் பிளேயரில், 78-க்கான ஊசி போட்டு ஒருமுறை பதிந்துகொள்ளுங்கள். ஸ்பிரிங்கை முறுக்கியபடி விட்டுவிடாதீர்கள். பக்கத்துக்கு ஒரு புது ஊசி, அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.