செத்துப்போன பேட்டரி

இன்னைக்கு ஒரு வீடியோ கேம் கதை. டாக்டர் ஏன் இதைச் சொல்றார்னு பாதியில் போயிடாதீங்க. வீட்டில் ஐந்து வயசுக்குள் குழந்தை இருந்தா கண்டிப்பா கடைசி வரை படிங்க.

நான் பூந்தமல்லிப் பையன். ஆறாவது படிக்கும்போது சிங்கப்பூரில் இருந்த மாமா ஒரு கேம்பாய் வாங்கிட்டு வந்தார். கூடவே ஒரு மஞ்சள் கேட்ரிட்ஜ், போகிமான் எல்லோ. அட்டையில் 'ஸ்பெஷல் பிகாச்சு எடிஷன்' என்று இருக்கும். ஜப்பானில் 1998 செப்டம்பரிலும் அமெரிக்காவில் 1999 அக்டோபரிலும் வந்தது. முதல் போகிமான் கேம்கள் 1996இலேயே வந்துவிட்டன. அப்புறம் டிவி கார்ட்டூன் சக்கைப்போடு போட்டதால், அதே கதையைக் கார்ட்டூனுக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் மாற்றி இதை விட்டார்கள்.

மற்றதில் மூன்று போகிமானில் ஒன்றை நாமே எடுத்துக்கலாம். இதில் அந்தப் பேச்சே இல்லை, பிகாச்சுதான். அது பந்துக்குள் போகாது, நம்ம பின்னாடியே நடந்து வரும். திரும்பி நின்று பட்டனை அழுத்தினால் முகத்தைக் காட்டும். சண்டையில் அடிக்கடி மயங்க விட்டோம்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும். இடிக்கல்லைக் கொடுத்து ராய்ச்சுவா மாற்றப் பார்த்தால் மாட்டேன் என்று சொல்லிவிடும். கரையான்சாவடியில் டியூஷன் முடிந்து தெருவிளக்கு வெளிச்சத்தில் ஆடுவேன். அந்தத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது.

போன தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்ணும்போது அது பரணில் கிடைத்தது. ஆன் பண்ணினேன், பாட்டு வந்தது. ஆனால் என் பழைய ஆட்டத்தைத் தொடரும் 'கன்டினியூ' இல்லை. 'நியூ கேம்' மட்டும்தான்.

காரணம் எளிது. நாம் சேமித்த ஆட்டம் இருக்கும் சிப்புக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். அதற்காக கேட்ரிட்ஜுக்குள்ளேயே நாணயம் மாதிரி ஒரு மூன்று வோல்ட் லித்தியம் பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். பல வருஷம் தாங்கும். அது தீர்ந்தால் பிகாச்சுவும் போச்சு.

மனசு கேட்கலை. பேட்டரியைக் கழற்றினேன். மல்டிமீட்டரில் 1.4 வோல்ட் காட்டியது. செத்துப்போச்சு என்று இரண்டு பக்கத் தகடையும் உரித்து மேசை ஓரமாக வைத்துவிட்டு, புதுசைப் பற்றவைக்கக் குனிந்தேன்.

பத்து நிமிஷம் இருக்கும். மனைவி குரல்: "ஏங்க, பாப்பா வாயில என்னமோ மெல்லுறா பாருங்க."

ஓடிப் போய் வாயைத் திறந்து பார்த்தேன். எதுவும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் மேசையில் பேட்டரியும் இல்லை.

கேமுக்கு உதவாத அந்த 1.4 வோல்ட், ஒரு குழந்தையின் உணவுக்குழாயைப் பொசுக்கப் போதும். பேட்டரி அங்கே மாட்டிக்கொண்டால் எச்சில் வழியாகச் சர்க்யூட் பூர்த்தியாகும். நெகட்டிவ் பக்கத்தில் காரம் உண்டாகி சதை வெந்துபோகும். இரண்டு மணி நேரமே போதும். குழந்தை அழணும்னு கூட அவசியமில்லை. எச்சில் வழியும், சாப்பிட மறுக்கும், இருமும், வாந்தி எடுக்கும். சளி என்று நினைத்து விட்டுவிடுவோம்.

என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயசு. ஒரு வயதைத் தாண்டியவள் என்பதால் இரண்டு டீஸ்பூன் தேன் கொடுத்தேன். பிறகு வண்டியிலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், தேன் இந்தப் புண்ணின் வேகத்தைக் குறைப்பது தெரிந்தது. விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மட்டும், அதிகபட்சம் ஆறு தடவை. இது சிகிச்சை இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் செய்வது. தேன் இல்லை என்று கடை தேடி நிற்காதீங்க. ஒரு வயசுக்குக் கீழே தேன் கூடவே கூடாது. வாந்தி எடுக்க வைக்காதீங்க, வாழைப்பழம், சோறு எதுவும் தராதீங்க. எண்டோஸ்கோபி வசதி உள்ள இடத்துக்கு நேராகப் போங்க.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அன்றைக்கு மாதிரி நான் என்றைக்கும் ஹாரன் அடித்ததில்லை. பின்சீட்டில் அம்மா, "நீயெல்லாம் ஒரு டாக்டரு" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் பேசவில்லை.

கழுத்திலிருந்து வயிறு வரை எக்ஸ்ரே. நாணயம் என்றால் ஒரே வட்டமாகத் தெரியும். பேட்டரி என்றால் விளிம்புக்குள் இன்னொரு வளையம் இருக்கும். படம் திரையில் வரும் வரை, இத்தனை வருஷம் மற்ற அப்பாக்களிடம் "பதறாதீங்க" என்று சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது.

படத்தில் எதுவும் இல்லை. மூக்கு, காது பார்த்தார்கள். அங்கேயும் இல்லை.

வீட்டுக்கு வந்து சோபாவைப் புரட்டினோம். கிடைக்கவில்லை. ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. காலையில் அம்மாதான் யோசித்தார். தினமும் சாமி கும்பிட்டதும் பேத்தி கையில் ஒரு ரூபாய் கொடுத்து மண் உண்டியலில் போட வைப்பது அவர் வழக்கம். பளபளன்னு வட்டமா எதைப் பார்த்தாலும் அவளுக்கு அது காசுதான்.

உண்டியலை வாசல்படியில் வைத்து உடைத்தோம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களுக்கு நடுவில் கிடந்தது. பாப்பா அதை எடுத்துத் திரும்பவும் என் கையில் கொடுத்து, "காசு" என்றாள்.