இரண்டாம் எண்ணில் காற்று

ஸ்காபரோ, ஜனவரி 9

காலை ஆறரைக்கு அம்மாவை டயலிசிசுக்குக் கூட்டிப்போகக் காரை எடுத்தேன். வெளியே மைனஸ் 14. ப்ளோவர் திருகை 1இல் வைத்தேன், காற்றில்லை. 2இலும் 3இலும் இல்லை. 4க்குத் திருப்பியதும் ஹோவென்று இரைந்துகொண்டு வந்தது.

"குறைச்சு விடு தம்பி, காது அடைக்குது" என்றா அம்மா. குறைத்தால் ஒன்றுமே இல்லை. எங்கள் இரண்டு பேரின் மூச்சும் கண்ணாடியில் படிந்து றோட்டு மறைந்தது. அம்மா சால்வைத் தலைப்பால் தன் பக்கத்தைத் துடைத்தா. துடைத்த கை விலகுமுன் அந்த இடம் மறுபடி மங்கியது. வேறு வழியில்லாமல் 4இலேயே ஓட்டினேன். போகும்போது பரவாயில்லை. டயலிசிஸ் முடிந்து வரும்போது அவவுக்குக் குளிர் எலும்புக்குள் இருக்கும். அந்த நேரம் இந்த இரைச்சலும் சேர்ந்தால் பாவம்.

ஜனவரி 10

ஹீற்றர் என்று ஒரே பேரில் சொன்னாலும் அதில் இரண்டு வேலை இருக்கிறது. சூடு எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்றில் இருந்து வருகிறது. டாஷ்போர்ட்டுக்குள் ஒரு சின்ன ரேடியேற்றர் வழியாக அது ஓடும். அதன்மேல் காற்றை அடிப்பது ப்ளோவர். பொனற்றைத் திறந்து ஹீற்றருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் தொட்டேன். இரண்டும் நல்ல சூடு. ஆக, குறை காற்றில்தான்.

4இல் ஊதுகிறதென்றால் ஃபியூஸ் நல்லது, மோட்டருக்கும் உயிர் இருக்கிறது. எங்களுடையது போன்ற பழைய கார்களில் 4ஆம் எண்ணுக்கு மின்சாரம் நேரே மோட்டருக்குப் போகும். மற்ற மூன்றும் ரெசிஸ்ரர் வழி. அதிலுள்ள கம்பிச் சுருள்கள் ஒரு பங்கைச் சூடாக்கி விழுங்கிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கும். அவை எரிந்துபோகாமல் இருக்க, ப்ளோவர் ஊதும் காற்றின் பாதையிலேயே அதைப் பொருத்தியிருப்பார்கள்.

ஜனவரி 12

பற்றரியின் மைனஸ் முனையை 10 மில்லிமீற்றர் சாவியால் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுத்தேன். கையுறைப் பெட்டிக்கு மேலேதான் எயார்பேக் இருக்கிறது. அதில் அவசரம் கூடாது. பெட்டியைக் கழற்றிக் கால்வைக்கும் இடத்தில் மல்லாந்து படுத்தால், இரண்டு திருகில் ரெசிஸ்ரர் வெளியே வந்துவிட்டது. கட்டைவிரல் நீளத் தகடு, அதில் மூன்று சுருள், நடுவில் சூடு மீறினால் தானே அறுந்துபோகும் ஒரு சிறு ஃபியூஸ். அது அறுந்திருந்தது. மல்ரிமீற்றரை வைத்தால் முள் அசையவில்லை. புதியது 38 டொலர். போட்டேன், நாலு எண்ணும் வேலை செய்தன.

ஜனவரி 14

தைப்பொங்கல். டயலிசிஸ் நாளும் இன்றுதான். விடியமுன் பொங்கி, அம்மாவுக்கு அளவாக ஒரு கரண்டி. கார் இரண்டாம் எண்ணில் இதமாக ஊதியது.

ஜனவரி 16

திரும்பி வரும் வழியில் மறுபடி போய்விட்டது. முதலில் ஒரு கருகல் மணம், பிறகு காற்று நின்றது. நான் போட்டிருந்த ஜாக்கெற்றைக் கழற்றி அம்மாவின் காலைச் சுற்றிவிட்டு ஓட்டினேன்.

ஜனவரி 18

பக்கத்துத் தெரு அண்ணையைக் கூட்டி வந்தேன். 1990களில் போர்க்காலத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கார்களை ஓட வைத்தவர்களில் ஒருவர். பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த ஊர் அது. புதுப் பாகம் வாங்கலாம் என்ற நினைப்புக்கே இடமில்லாத இடத்தில் தொழில் பழகியதால், ஒரு பாகம் ஏன் செத்தது என்று அறியாமல் அவர் அடுத்ததைத் தொடமாட்டார்.

கழற்றிக் காட்டினேன். ரெசிஸ்ரரைப் பார்க்கவேயில்லை, அது செருகும் பிளக்கைத் திருப்பிப் பார்த்தார். ஒரு துளையைச் சுற்றி பிளாஸ்ரிக் பழுப்பேறி இளகியிருந்தது.

"எரிஞ்சதை மாத்திப்போட்டாய். எரிச்சது ஆரெண்டு பாத்தனியே?"

மூன்று திருகைக் கழற்றி மோட்டரை இறக்கினார். விசிறிக் கூட்டை விரலால் சுண்டினார். நல்ல மோட்டர் சுண்டினால் சில சுற்றுச் சுற்றும். இது அரைச் சுற்றில் மணல் அரைபடும் சத்தத்தோடு நின்றது. தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்துவிட்டது. மோட்டர் வேகமாகச் சுற்றும்போதுதான் தனக்குள் வரும் மின்சாரத்துக்குத் தானே எதிர் அழுத்தம் கொடுக்கும். இறுகி மெல்லச் சுற்றினால் அந்த எதிர்ப்புக் குறைந்து கூடுதலாக இழுக்கும். இறக்குமுன் கிளாம்ப் மீற்றர் 4இல் 24 அம்பியர் காட்டியிருந்தது. காரின் ஃபியூஸ் 40 அம்பியர், அதனால் அது அசையவில்லை. குறைந்த எண்களில் சுமை முழுவதும் ரெசிஸ்ரரின் தலையில்.

கபின் ஃபில்ரரை இழுத்தேன். மேப்பிள் விதைகளும், எலி கடித்துச் சேர்த்த பஞ்சும் ஒரு பாய் போல ஒட்டிக் கிடந்தன. மூன்று வருடமாக நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. ரெசிஸ்ரரைக் குளிர்விக்க வேண்டிய காற்றையும் அது மறித்திருக்கிறது. அம்மாவுக்காக எப்போதும் வைத்த இரண்டாம் எண்தான் அந்தச் சுருளை வாட்டியிருக்கிறது என்று நினைக்க மனம் கனத்தது.

ஜனவரி 19

புது மோட்டர், புது ஃபில்ரர், இன்னொரு ரெசிஸ்ரர். இளகிய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு வயரோடு புதியதைக் கிரிம்ப் செய்து, மேலே சுருங்கும் குழாயை இழுத்துச் சூடு காட்டினோம். பழைய பிளக்கையே விட்டிருந்தால் தளர்ந்த இடம் மறுபடி சூடாகும் என்றார் அண்ணை. 4இல் 15 அம்பியர். அரை மணி நேரம் இரண்டாம் எண்ணில் ஓடவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடுதான். அண்ணை காசு வாங்கவில்லை. தேத்தண்ணி மட்டும் குடித்தார்.

ஜனவரி 21

மைனஸ் 17. வரும்போது திருகு 2இல் இருந்தது. கண்ணாடி தெளிவு. லோரன்ஸ் அவெனியூ சிக்னலில் நிற்கும்போது திரும்பிப் பார்த்தேன். அம்மா கையுறை இரண்டையும் கழற்றி மடியில் வைத்துவிட்டு, விரல்களைக் காற்று வரும் வாயில் விரித்துப் பிடித்திருந்தா.