எண்பது பறங்கிமலை உயரத்தில் ஒரு நாய்!

காலை ஐந்தரை மணி. வேளச்சேரித் தெருக்களில் நாய்களின் நேரம் அது. ராஜபாளையம், லாப்ரடார், மழைநாளில் வீட்டுக்குள் வந்து அப்படியே செல்லமாகிவிட்ட நம்ம ஊர் நாய் என்று விதவிதமாக வரும். கயிற்றின் ஒரு முனையில் அது இழுக்க, மறுமுனையில் ஐ.டி. கம்பெனிக்காரர் தூக்கக் கலக்கத்தோடு ஓடுவார். இவர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு: "இவனை ஒருநாள் பெரிய மலைக்குக் கூட்டிட்டுப் போகணும்!"

நாய் மலையேறுமா? மேராவைக் கேட்டால் தெரியும். 2018-இல் நேபாளத்தில் டான் வார்கோவ்ஸ்கி என்ற அமெரிக்கரின் மலையேற்றக் குழுவோடு தானாக வந்து ஒட்டிக்கொண்ட தெருநாய் அது. மேரா சிகரத்துக்குப் பக்கத்தில் கிடைத்ததால் அந்தப் பெயர். வார்கோவ்ஸ்கி தன் கூடாரத்தில் இடம் கொடுத்தார். ஷெர்பாக்கள் கயிறு கட்டப் போனபோது பின்னாலேயே போன மேரா, இறங்கப் பயந்து இரண்டு ராத்திரி பனியிலேயே தங்கிவிட்டது. செத்துப் போயிருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மறுபடி வந்து நின்றது! அந்த நவம்பரில் 7,129 மீட்டர் உயரமுள்ள பருன்ட்சே சிகரத்தின் உச்சியையும் தொட்டது. இறங்கும்போது சில இடங்களில் அதையும் கயிற்றில் கட்டித்தான் இறக்கினார்கள். பிறகு குழுவிலிருந்த காஜி ஷெர்பா அதைக் காத்மாண்டுவில் வளர்த்தார்.

படிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் மேராவை யாரும் கூப்பிடவில்லை. குளிருக்கும் உயரத்துக்கும் பழகிய உடம்போடு, தானே வந்தது. வேளச்சேரி பிளாட்டில் ஏ.சி.க்குக் கீழே படுத்திருப்பவன் கதை வேறு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். எஜமானர் போனால் அதுவும் போகும், முடியவில்லை என்று சொல்லத் தெரியாது.

நம் மலைகளில் இன்னொரு சங்கடம். மேற்குத் தொடர்ச்சி மலையின் நல்ல பாதைகள் பெரும்பாலும் காட்டுக்குள் இருக்கின்றன. சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் செல்ல நாய்க்கு அனுமதி கிடையாது. சிறுத்தைக்கு நாய் என்றால் இரை. நாயாலும் காட்டுக்கு ஆபத்து: மேரா சிகரம் தொட்ட அதே 2018-இல் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் செத்தன, பலவற்றில் கண்டுபிடிக்கப்பட்டது நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ். அவ்வளவு தூரம் போவானேன்? வேளச்சேரிக்குப் பக்கத்துச் சுவர்தான் கிண்டி தேசியப் பூங்கா. மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத அந்த இடத்தில் வெளிமான்களும் புள்ளிமான்களும் இருக்கின்றன. உள்ளே ஒரு நாய் நுழைந்தால் அவை எங்கே ஓடும்?

அப்படியானால் மலைக்கு எங்கே போவது? இருக்கவே இருக்கிறது பறங்கிமலை. சுமார் 300 அடிதான். இதுபோல் எண்பதை அடுக்கினால் மேரா நின்ற உயரம் வரும்! ஆனால் இந்தக் குன்றை லேசாக நினைக்க வேண்டாம். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் நூறடிச் சங்கிலியோடு நில அளவையைத் தொடங்கியது இங்கேதான். பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு, 57 நாள் அளந்தார். அந்த வேலை வடக்கே நீண்டு நீண்டு, அரை நூற்றாண்டு கழித்து எவரெஸ்டின் உயரத்தையே உலகத்துக்குச் சொன்னது.

ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் கட்டிக்கொடுத்த படிகள் 130-க்கு மேல். வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். உள்ளங்கையைக் கல்லில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். உச்சியில் இருப்பது வழிபாட்டுத் தலம். நாயோடு வருபவர் படியோரம் நிற்க, மற்றவர் போய் வரலாம். தண்ணீரும் ஒரு கிண்ணமும் மறக்காதீர்கள். பாதிப் படியில் அது உட்கார்ந்துவிட்டால், அன்றைய சிகரம் அதுதான், திரும்பிவிடுங்கள்.