ஐ.பி. முகவரியும் அடையாள அட்டையும்

"வி.பி.என். போட்டு ஹோட்டல் புக் பண்ணினா பாதி விலைதானாமே, உண்மையா?" வகுப்புல இதுவரைக்கும் நாலு பேர் என்கிட்ட கேட்டாச்சு. ஒவ்வொருத்தருக்கா கதை சொல்ல முடியல. அதனால மொத்தமா இங்கேயே எழுதிடறேன். சுருக்கமான பதில்: உண்மைதான், புக்கிங் ஆகும். அதுக்கப்புறம் நடந்ததுதான் கதை.

அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி 25 வருஷம். அப்பா மளிகைக் கடை வெச்சிருக்கார். வருஷத்துல பொங்கலுக்கு ஒரு நாள், தீபாவளிக்கு ஒரு நாள் தவிர கடையைப் பூட்டினதில்லை. தங்கச்சியும் நானும் நச்சரிச்சு, நாலு நாள் இலங்கைக்குப் போகலாம்னு சம்மதிக்க வெச்சோம். திருச்சியிலேருந்து கொழும்பு ஒரு மணி நேர விமானம்தான். நுவரெலியாவுல ரெண்டு ராத்திரி தங்கறதா திட்டம். அறை பார்க்கற பொறுப்பு பி.காம். படிக்கிற பையனுக்கு, அதாவது எனக்கு.

நாலு பேர் தங்கற அறை ஒரு ராத்திரிக்கு 105 டாலர்னு காட்டிச்சு. சும்மா இருந்திருக்கலாம். சீனியர் ஒருத்தர் சொன்ன யோசனை ஞாபகம் வந்துது. வி.பி.என்.ல கொழும்பைத் தேர்ந்தெடுத்து, அதே ஹோட்டலோட பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். அதே அறை, அதே படம், 18,000 இலங்கை ரூபாய். அப்போ கணக்குக்கு 60 டாலர். எனக்குக் கை கால் ஓடல.

இது எப்படி நடக்குதுன்னு தெரியாதவங்களுக்காக: நாம ஒரு தளத்தைத் திறக்கும்போது நம்ம ஐ.பி. முகவரி அதுக்குத் தெரியும். அதை வெச்சு எந்த நாட்டுல இருக்கோம்னு ஊகிக்கும். வி.பி.என். நம்ம இணைப்பை வேற ஒரு சர்வர் வழியா சுத்தி அனுப்பறதால, தளத்துக்கு அந்த சர்வரோட முகவரிதான் தெரியும். அந்த சர்வர் நிஜமாவே கொழும்புல இருக்கணும்கிற அவசியமும் இல்லை. 2022ல நம்ம நாட்டுல, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 வருஷம் வெச்சிருக்கணும்னு உத்தரவு வந்துது. சில பெரிய நிறுவனங்கள் இங்கே இருந்த சர்வர்களைத் தூக்கிட்டுப் போய், சிங்கப்பூர், பிரிட்டன்ல உட்கார்ந்துகிட்டு "இந்திய முகவரி" கொடுத்தாங்க. முகவரிங்கறது அவ்வளவுதான்.

ஆனா பணம் கட்டும்போது வி.பி.என். உதவாது. நம்ம அட்டையோட முதல் சில இலக்கங்களே எந்த நாட்டு வங்கின்னு சொல்லிடும். அதனால "ஹோட்டலில் செலுத்தவும்"னு இருந்ததை அழுத்தினேன். கீழே பொடி எழுத்துல "இலங்கையில் வசிப்போருக்கு மட்டும்"னு போட்டிருந்தது. படிச்சேன். படிக்காத மாதிரி டிக் பண்ணினேன். இதை ஒத்துக்கலன்னா மிச்சக் கதைக்கு அர்த்தமில்லை.

நுவரெலியாவுக்கு வேன்ல போய்ச் சேர்றப்போ சாயங்காலம். நல்ல குளிர். வரவேற்பு மேசையில இருந்த அக்கா தமிழ். நாலு பேருக்கும் தேத்தண்ணி வந்துது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "ஐயா, அடையாள அட்டை குடுங்க"ன்னாங்க. அப்பா பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். அந்த அக்கா பாஸ்போர்ட்டைப் பார்த்தாங்க, கணினியைப் பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க.

"தம்பி, இது உள்ளூர் ஆட்களுக்கான ரேட். இலங்கை அடையாள அட்டை வேணும், இல்லாட்டி இங்க வசிக்கிற விசா வேணும். புக் பண்ணும்போது போட்டிருக்குமே?"

குரல்ல கோபம் இல்லை. இருந்திருந்தா சண்டையாவது போட்டிருக்கலாம். "தெரியாம பண்ணிட்டேன்"னு முணுமுணுத்தேன். அது ரெண்டாவது பொய். வித்தியாசம் ரெண்டு ராத்திரிக்கும் சேர்த்து 27,000 இலங்கை ரூபாய், நம்ம காசுக்குக் கிட்டத்தட்ட 8,000. அப்பா ஒரு வார்த்தை பேசாம கட்டினார்.

அறைக்கு வந்ததும் நான் பாடம் எடுத்தேன். "ஒரே அறைக்கு ரெண்டு விலை வைக்கிறது அவங்க தப்புப்பா. அமெரிக்காவுல ஆர்பிட்ஸ்னு ஒரு தளம், ஆப்பிள் கணினியில தேடறவங்களுக்கு விலை கூடின ஹோட்டலை முன்னால காட்டுதுன்னு 2012லயே பத்திரிகையில வந்துது. ஐரோப்பிய யூனியன்ல இதுக்குச் சட்டமே இருக்கு. 2018 டிசம்பர் 3லேருந்து, வேற உறுப்பு நாட்டுக்காரர்ங்கறதுக்காக ஹோட்டல் அறையை உள்ளூர்க்காரருக்குத் தர்ற விலையில தர மாட்டேன்னு சொல்ல முடியாது." (விமான டிக்கெட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுங்கறதை வசதியா விட்டுட்டேன்.)

அப்பா பொறுமையா கேட்டுட்டுச் சொன்னார்: "நம்ம கடையில பெட்டிக்கடைக்காரங்களுக்கு ஒரு ரேட் போடறேன். அதை வெச்சுத்தான் அவங்க பொழைக்கணும். கார்ல வர்றவர் 'நானும் பெட்டிக்கடைதான்'னு சொல்லி வாங்கிட்டுப் போனா, அவரைக் கெட்டிக்காரர்னு சொல்லுவியாடா?"

பதில் இல்லை. விலை பேதம் காட்டுதலைப் பற்றி 1920லயே பிகு எழுதினதை நான் தேர்வுல எழுதி மார்க் வாங்கியிருக்கேன். ஆட்களைக் குழுவாப் பிரிச்சுத் தனித்தனி விலை வைக்கிறது அதுல மூணாவது வகை. அது நடக்கணும்னா, குறைஞ்ச விலைக் குழுவுக்குள்ள மத்தவங்க நுழையாம ஒரு தடுப்பு வேணும். அந்தத் தடுப்புதான் அடையாள அட்டை. அதைப் புத்தகத்துல படிச்சவன், மேசைக்கு முன்னால நின்னப்போ மறந்துட்டான்.

அதைவிட இன்னொண்ணு. தாஜ்மகால் பார்க்க நமக்கு 50 ரூபாய், வெளிநாட்டவருக்கு 1,100. கல்லறை மண்டபத்துக்கு மேல 200. பள்ளிச் சுற்றுலாவுல அந்த 50 ரூபாய் வரிசையில நின்னவன் நான். பக்கத்து வரிசை வெள்ளைக்காரருக்கு அநியாயம் நடக்குதுன்னு எனக்கு ஒரு நொடிகூடத் தோணல. நம்ம நாடு, நம்ம வரி, நம்ம சம்பளம்னுதான் நினைச்சேன். இலங்கைக்காரங்களுக்கும் அதே நியாயம்தானே? 2022ல அந்த நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாம நின்னப்போ, 200 ரூபாய்ச் சுமாருக்கு இருந்த டாலர் சில மாசத்துல 360 வரைக்கும் போச்சு. ரூபாயில சம்பளம் வாங்கறவர் டாலர் விலையில தன் ஊர் மலையைப் பார்க்க முடியுமா?

மறுநாள் காலையில அந்த அக்காகிட்ட போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிரிச்சாங்க. "நிறையப் பேர் செய்றாங்க தம்பி"ன்னாங்க. அப்புறம் அவங்களாவே சொன்னாங்க. தேயிலைத் தோட்டக் குடும்பம். அவங்க தாத்தா அங்கேயே பிறந்து அங்கேயே கொழுந்து மூட்டை தூக்கினவர், ஆனா சாகற வரைக்கும் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை. "இந்த அட்டை எங்களுக்கு லேசுல கிடைக்கல."

ஊருக்கு வந்து படிச்சேன். 1948ல வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்கள்ல பெரும்பாலானவங்களை நாடற்றவங்களா ஆக்கிடுச்சு. 1964ல சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு பிரிச்சாங்க. மிச்சம் இருந்தவங்களுக்குக் குடியுரிமை கொடுக்கற சட்டம் வந்தது 2003ல. அவ்வளவு வருஷம் காத்திருந்து வாங்கின அட்டையோட சலுகையை, ஒரு பட்டனை அழுத்தி நான் எடுக்கப் பார்த்திருக்கேன்.

அதனால என்கிட்ட கேட்ட நாலு பேருக்கும் பதில் இதுதான். நீங்க எந்த ஊர், எந்த போன்னு ஊகிச்சு ஒரு தளம் விலையை ஏத்துதான்னு பார்க்க வி.பி.என். போட்டுப் பாருங்க, அதுல தப்பில்லை. ஆனா "இங்கே வசிப்போருக்கு"ன்னு ஒரு வரி இருந்தா அங்கேயே நிறுத்திக்குங்க. அந்த விலை உங்களுக்கு வெச்சதில்லை.

பின்குறிப்பு: அந்த 8,000 ரூபாயை அப்பா என்கிட்ட கேட்கவே இல்லை. லீவுல கடையில மூட்டை பிரிச்சுக் கழிச்சுட்டிருக்கேன். பெட்டிக்கடை ரேட் பட்டியலை இப்போ நான்தான் எழுதறேன். :-)